பார்க்கின்சன் மாத்திரை: அளவு மட்டுமல்ல, நேரமும் முக்கியம்

காலையில் பசியாறியதும் இனிப்புநீர், இரத்த அழுத்த மாத்திரைகளை ஒன்றாகக் கையில் கொட்டி விழுங்குவது நம் வீடுகளில் வழக்கம். பார்க்கின்சன் மாத்திரையையும் அவற்றோடு சேர்த்து விழுங்கினால் அதன் பலன் குறைந்துவிடலாம்.

உடல் அசைவைச் சீராக்கும் டோப்பமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளை அணுக்கள் இந்நோயில் அழிந்துகொண்டே போகின்றன. நடுக்கம், உடல் இறுக்கம், நடைத் தளர்ச்சி ஆகியவை அதனால் வருபவை. மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறும் லெவோடோப்பாதான் முக்கிய மருந்து. 'மடோபார்' என்று பலரும் அறிந்த மாத்திரையில் இருப்பது இதுதான்.

மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் கூட்டுவார். முதலில் குமட்டலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரலாம். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவை இன்னும் மெதுவாகக் கூட்டுவார். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம். இதற்காக வேறு கிளினிக்குக்குப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மெக்சலோன், தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில் இரண்டுமே டோப்பமினைத் தடுப்பவை.

அடுத்தது சாப்பாடு. இறைச்சி, முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றின் புரதமும் லெவோடோப்பாவும் குடலிலிருந்து உடலுக்குள் நுழைய ஒரே வாசலுக்குத்தான் முட்டிமோதுகின்றன. எனவே சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை எடுப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும்.

சில ஆண்டுகள் போனபின், அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகத் தொடங்கும். அப்போது மருத்துவர் வேளைகளை நெருக்கலாம், வேறு மருந்து சேர்க்கலாம். மருந்து அதிகமானால் கை, கால், கழுத்து தானாக நெளியும். அதை நடுக்கம் என்று எண்ணி வீட்டிலேயே இன்னொரு மாத்திரை கொடுப்பது ஆபத்து. மாத்திரை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், இறுகிய நேரம், நெளிந்த நேரம் என ஒரு வாரக் குறிப்பை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது. சில நிமிடச் சந்திப்பில் மருத்துவருக்கு இவை பெரிய உதவி.

பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைத் தூண்டும். எப்போதாவது நம்பர் எடுப்பவர் திடீரென தினமும் கடை வாசலில் நின்றால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்காலிப் பொடி பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அந்த விதையில் லெவோடோப்பா உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் மாத்திரையோடு அதைத் தாமாகச் சேர்க்கக்கூடாது. மொத்தம் எவ்வளவு உடலில் சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சல், இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு நோய்க்காக வார்டில் சேர்ந்தாலும் இது பொருந்தும். வார்டில் மருந்து தரும் நேரமும் நோயாளியின் நேரமும் ஒன்றாக இருக்காது. சேரும் அன்றே மாத்திரை நேரங்களைத் தாதியிடம் எழுதிக் கொடுங்கள்.