நெமோவுக்கு ஒரு இன்வெர்ட்டர்!

எங்கள் வீட்டு மொட்டை மாடி ரோஜாத் தொட்டியில் மூன்று தங்க மீன்கள் நிரந்தர ஓய்வில் இருக்கின்றன. கண்ணாடிக் கிண்ணத்தோடு வாங்கி வந்தது. முதலாவது நாலு நாள். இரண்டாவது ஒரு வாரம். மூன்றாவது கொஞ்சம் கெட்டிக்காரன், பதினோரு நாள் தாக்குப் பிடித்தான். ரோஜா மட்டும் அமோகமாகப் பூக்கிறது.

மூன்று இறுதிச் சடங்கையும் நடத்தி வைத்தது என் ஒன்பது வயது மகள். அவள்தான் 'ஃபைண்டிங் நெமோ'வை நூற்றியெட்டாவது தடவை பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம ஹால்ல ஒரு குட்டிக் கடல் வைக்கலாமா? பவளம், நெமோ எல்லாம் வெச்சு?" என்றாள்.

"வெச்சுட்டாப் போச்சு!" என்றேன். தேர்தல் வாக்குறுதி மாதிரி வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது.

அவள் ரோஜாத் தொட்டியைப் பார்த்தாள். "இதுவும் செத்துப் போயிடுமாப்பா?"

பி.காம். படிப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

கொளத்தூர் விஜயம்

சென்னையில் மீன் என்றால் சமைக்கிறவர்களுக்குக் காசிமேடு, வளர்க்கிறவர்களுக்குக் கொளத்தூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு கடையில், "ரீஃப் டேங்கா சார்? முழு செட் போட்டுத் தந்துடறேன்" என்று ஒருவர் மளமளவென்று பட்டியல் எழுதினார். முதல் வரியில் மீன், இரண்டாவதில் விளக்கு, மூன்றாவதில் தொட்டி. அடியில் ஒரு தொகை. அதைப் பார்த்ததும் எனக்கே ஆக்சிஜன் தேவைப்பட்டது.

பட்டியலை எங்கள் தெருவில் இருக்கும் கப்பல் மாமாவிடம் காட்டினேன். முப்பது வருடம் கப்பலில் இன்ஜினீயர். வீட்டில் கடல் தொட்டி வைத்திருந்தவர். (இந்த 'இருந்தவர்' பற்றிப் பிறகு.) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

"இப்பத்தான் தம்பி சரியா இருக்கு. மீன் கடைசி வரி. முதல் வரி இதுல இல்லவே இல்லை."

"என்ன மாமா அது?"

"கடைசியில சொல்றேன். முதல்ல தண்ணிக்கு வழி பண்ணு."

கடல் தண்ணிக்கா பஞ்சம்?

என் அம்மா குறுக்கே புகுந்தாள். "மெரினால இல்லாத தண்ணியா? ஆட்டோல ரெண்டு குடம் கொண்டு வந்தா ஆச்சு!"

நியாயமான கேள்விதான். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீர் அது. மழைக்காலத்தில் உப்பின் அளவும் ஏறி இறங்கும். தொட்டிக்கு வேண்டியது லிட்டருக்கு 35 கிராம் உப்பு, மாறாமல். ஆகவே கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையை (சமையல் உப்பு அல்ல, கால்சியம், மக்னீசியமெல்லாம் கலந்தது) சுத்தமான தண்ணீரில் நாமே கரைத்துக் கொள்வதுதான் வழி.

சுத்தமான தண்ணீர் என்றால்? நம் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 40, 50 என்று காட்டும். நமக்கு அது அமிர்தம். கடல் தொட்டிக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரோடு வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு விருந்தாகிவிடும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் என்று ஒரு குழாயைச் சேர்த்தால் பூஜ்யம் வரும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கைக்கடக்கமாக ஒன்று. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

சின்னத் தொட்டி, பெரிய தலைவலி

"ஆரம்பத்துக்கு ஒரு அடி தொட்டி போதுமே மாமா?" என்றேன் சிக்கனமாக.

"ஒரு டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறுமா, ஒரு அண்டா காப்பியா?"

அதுதான் விஷயம். தண்ணீர் அதிகமானால் சூடு, உப்பு, அழுக்கு எல்லாமே மெதுவாகத்தான் மாறும். நாம் தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று முடிவானது. கொள்ளளவு சுமார் 190 லிட்டர். சாதனங்களை ஒளித்துவைக்கக் கீழே சம்ப் என்று இன்னொரு தொட்டி. கல்லுக்கும் காலி இடத்துக்கும் கழித்து, மொத்தத் தண்ணீர் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி, ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்த்து எடை 300 கிலோவைத் தொடும். நாலைந்து பெரியவர்கள் ஹாலில் ஒரே இடத்தில் வருடக் கணக்கில் நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். ஆகவே ஹால் நடுவில் வேண்டாம், சுவரோரம்.

சாதனங்களின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

ரிடர்ன் பம்ப்: சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது. மணிக்கு 1000 லிட்டர் போதும்.

வேவ்மேக்கர்: தொட்டிக்குள் அலையடிப்பது. பவளம் நகர முடியாத பிராணி. சாப்பாடும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும். மொத்தத் தண்ணீரைப் போல் இருபது மடங்கு, அதாவது மணிக்கு 4000 லிட்டர் சுழல்வது நல்ல ஆரம்பம்.

புரோட்டீன் ஸ்கிம்மர்: பெயரைக் கேட்டு பயப்படாதீர்கள். வெல்லப்பாகு கொதிக்கும்போது மேலே வரும் அழுக்கு நுரையை அம்மா கரண்டியால் எடுப்பாளே, அதே வேலைதான். பொடிக் குமிழிகளில் கழிவு ஒட்டிக்கொண்டு மேலே வந்து ஒரு கோப்பையில் சேரும். கோப்பையைக் கழுவும் பொறுப்பு குடும்பத் தலைவருடையது.

விளக்கு: பவளத்தின் சதைக்குள்ளே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைப்பதை வீட்டுக்காரரும் சாப்பிடுகிறார். ஆகவே நீலம் தூக்கலான எல்.ஈ.டி. விளக்கு, தினம் 8 முதல் 10 மணி நேரம், டைமரோடு.

ஆட்டோ டாப்-அப்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரை விடாவிட்டால் நாளாக ஆகத் தொட்டி ஊறுகாய் ஜாடியாகிவிடும்.

சில்லர்: குளிர்தேசத்துக்காரர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு நேர்மாறு. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையில் மே மாதம் குழாயைத் திறந்தாலே ரசம் மாதிரி வருகிறது. தண்ணீர் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 வருடங்களில் இதுதான் நடந்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால் 200 லிட்டர் எந்த மூலைக்கு? ஆனால் சில்லர், தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை ஹாலில்தான் விடும். மீனுக்கு ஏ.சி., நமக்கு வெக்கை!

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, காய்கறி நறுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கரண்ட் போச்சுன்னா?"

கப்பல் மாமா கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வரி அதும்மா."

வர்தா எழுதிய தீர்ப்பு

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள் ஞாபகமிருக்கும். தெருவெல்லாம் மரம், கம்பமெல்லாம் தரையில்.

"எட்டு வருஷத் தொட்டி தம்பி. விளக்கு ஜெர்மனி, ஸ்கிம்மர் அமெரிக்கா. வர்றவங்க எல்லாம் வாயைப் பொளந்து பாப்பாங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாம் நின்னு போச்சு. நானும் மாமியும் மாத்தி மாத்திக் குவளையால தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினோம். விடியறப்போ கை ஓஞ்சு போச்சு. மூணாம் நாள் மீன் எல்லாம் மேல மிதந்தது. என்கிட்ட இல்லாம போனது ஒரே ஒரு பேட்டரி."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் தொட்டி வைக்கவில்லை.

கரண்ட் போனால் மீனை முதலில் கொல்வது சூடு அல்ல, மூச்சுத் திணறல். தண்ணீர் அசையாவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போகாது. ஆகவே எல்லாம் நின்றுபோன ராத்திரியை முதலில் கற்பனை செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும் என்பது மாமாவின் சித்தாந்தம். இங்கேதான் என் பி.காம். முதல் தடவையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட்-அவர். கைக்கு வருவது 1200 என்று வையுங்கள். சில்லரையும் சேர்த்து 200 வாட்டுக்கு மேல் இழுத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் கதை முடிந்தது. பத்து வாட் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் ஓட்டினால், இன்வெர்ட்டர் தானே சாப்பிடுவதைக் கழித்த பிறகும் இரண்டு நாள் வரும். அதோடு பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று. விலை குறைந்த சாமான் அதுதான், உயிர் காப்பதும் அதுதான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். அதற்குச் சம்ப்பில் இடம் விடாவிட்டால், ஹால்தான் சம்ப்! உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பங்காளிகள் வேறு. ஆகவே எர்த்திங், லீக்கேஜ் வந்தால் விழும் ஆர்.சி.சி.பி., பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கும் ஒயர் (சொட்டுகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் தரையில் விழ) மூன்றும் கட்டாயம்.

செலவில் இரண்டு வகை

தொட்டி, பம்ப், சில்லர் எல்லாம் கேப்பிட்டல் செலவு. ஒரு தடவை அழுதால் போதும். ரெவின்யூ செலவுதான் மாதாமாதம் அழ வைப்பது. விளக்கு 100 வாட், சில்லர் 200 வாட்டில் தினம் பத்து மணி நேரம், மற்றவை இரவும் பகலும் என்று கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினால் வருடத்துக்கு உப்பு மட்டும் 36 கிலோ. இதைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவி கேட்டாள். "உங்க சிகரெட் காசு சரியா இருக்கும்" என்று ஒரு வரியில் பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டாள்.

பவளம் ஒரு புலி

பவளத்தின் கதை வேறு. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவளம், கரும்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை! ராமேஸ்வரத்திலிருந்து யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பவளம் என்றால் அனுமதிக் காகிதங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். "எல்லாம் சரியா இருக்கும் சார்" என்பது காகிதம் ஆகாது.

மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். யோசித்தாள். "புலியை ஹால்ல வெச்சுக்க முடியாதுல்ல... சரிப்பா, அது கடல்லயே இருக்கட்டும்."

ஆகவே முதலில் செயற்கைக் கல்லும் நெமோவும்தான். விளக்கையும் சில்லரையும் பிற்பாடு காகிதத்தோடு பவளம் வந்தாலும் போதும்படி வாங்கியிருக்கிறோம். நெமோவுக்கும் கடலை நோண்ட வேண்டாம். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள். பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம்.

மீன் எங்கே சார்?

இன்றைக்கு முப்பத்தைந்தாம் நாள். ஹாலில் தொட்டி ஓடுகிறது. தண்ணீர், மணல், கல். மீன் இல்லை. கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். என் மூன்று தங்க மீன்களையும் கொன்றது இந்தப் பொறுமையின்மைதான் என்று இப்போது தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தினம் எட்டிப் பார்த்து, "மீன் எங்க சார்?" என்கிறார். "வந்துட்டிருக்கு" என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெயினை அணைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை அரை வாளித் தண்ணீர் ஹாலில். சம்ப்பின் மட்டத்தைக் குறைத்தோம். இரண்டாவது தடவை ஒரு சொட்டு சிந்தவில்லை. இருட்டில் வேவ்மேக்கர் மட்டும் மெல்ல முனகியது. கப்பல் மாமா டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

மகள் பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். "இதுவும் செத்துப் போயிடுமாப்பா?"

இந்தத் தடவை பதில் இருந்தது. "என்னிக்காவது ஒரு நாள் போகும்டா கண்ணு. ஆனா நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல இருக்குமாம். நீ காலேஜ் போறப்பவும் இருக்கும். நாம மறந்துட்டோம்னு மட்டும் சாகாது."

அவள் திருப்தியாகத் தூங்கப் போனாள். இந்த ஏற்பாட்டில் வருத்தம் ஒருவருக்குத்தான். மொட்டை மாடி ரோஜாச் செடிக்கு.