ஆறாம் மாதத்தில் ஓர் இருப்புக் கணக்கு

சித்திரை முதல் நாளில் புதுக்கணக்கு எழுதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. பேரேட்டுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதும்போதே மனத்துக்குள்ளும் சில கணக்குகளைத் தொடங்குகிறோம். விற்பனையைக் கூட்ட வேண்டும், வெளிப்பாக்கியை வசூலிக்க வேண்டும், உடம்பைக் கவனிக்க வேண்டும், ஞாயிறு பிற்பகலாவது வீட்டில் இருக்க வேண்டும். பேரேட்டை நாள்தோறும் புரட்டுகிறோம். மனக்கணக்கை மட்டும் அடுத்த சித்திரை வரை திறப்பதில்லை.

வருமான வரித்துறைகூட ஆண்டு முடிவு வரை காத்திருப்பதில்லை. முன்கூட்டி வரி கட்டுவோரிடம் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுத்தொகை என்று கேட்கிறது. ஒவ்வொரு தவணையிலும் நம் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளலாம். வரிக்கு உள்ள இந்த வசதியை நம் இலக்குகளுக்கு நாமே ஏன் தரக்கூடாது?

2025-ஆம் ஆண்டு நல்ல பாடம். செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 100 ரூபாய் பெறும் சரக்கு 118-லிருந்து 105 ரூபாய்க்கு இறங்கியது. அதே எண்ணிக்கை விற்றாலும் அந்தச் சரக்கில் கல்லாவில் விழும் தொகை நூற்றுக்கு 11 குறையும். சித்திரையில் ரூபாயில் இலக்கு வைத்தவர் தோற்றுவிட்டதாக நினைப்பார். உண்மையில் மாறியது அளவுகோல்தான். அவர் எண்ணிக்கையிலோ, வரி நீங்கிய லாபத்திலோ இலக்கை மாற்றி எழுதிக்கொள்வதே முறை.

ஆண்டு இலக்கை இரண்டாக வகுத்துப் பார்ப்பதும் சரியாகாது. ஆடியில் கல்யாணம் இல்லை. தீபாவளியும் பொங்கலும் பின்பாதியில் வருகின்றன. ஆகவே முதல் ஆறு மாத விற்பனையைச் சென்ற ஆண்டின் அதே ஆறு மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

சொந்த இலக்குகளிலும் இதே கண்ணோட்டம் வேண்டும். "பாக்கி முழுவதையும் வசூலிப்பேன்" என்பது வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. "திங்கள்தோறும் மூன்று பேரிடம் நயமாகக் கேட்பேன்" என்பது நம் கையில் இருக்கிறது. "பத்துக் கிலோ எடை குறைப்பேன்" என்பதைவிடக் கடை திறக்குமுன் அரை மணி நடப்பது நடக்கக்கூடியது. ஞாயிறு முழுநாள் விடுமுறை முடியவில்லையா? பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி பெரிது.

சில இலக்குகளைக் கைவிடவும் நேரும். அடுத்த தெருவில் இரண்டாவது கடை என்று நினைத்தவர், வாங்கிய கடனே அடையாதபோது அதைத் தள்ளிவைப்பதில் குறைவில்லை. காலாவதியான சரக்கைத் தட்டிலிருந்து எடுத்தால்தானே நடக்கிற சரக்குக்கு இடம் கிடைக்கும்?

ஆயுத பூஜைக்காகக் கடையைக் கழுவித் துடைக்கும் நாட்கள் இதற்கு ஏற்றவை. ஆண்டில் ஏறத்தாழ பாதி அப்போது கழிந்திருக்கும். கடை சாத்தியபின் ஒரு தாளை எடுத்து, தொடர வேண்டியவை, மாற்ற வேண்டியவை, விட வேண்டியவை என மூன்று பத்தியாக எழுதுவோம். வீட்டில் உள்ளவர்களிடமும் அதைக் காட்டுவோம். நாம் மறந்துபோன ஒன்றிரண்டு வாக்குறுதிகள் அவர்களுக்கு நினைவிருக்கும்.