ஏரி உடைப்பும் கலிங்கலின் அளவும்

ஏரி உடைத்துக்கொண்டால் கரை பலவீனம் என்று சொல்லி மண் போட்டு உயர்த்துவது வழக்கம். கரையைப் பலப்படுத்துவது அவசியமே. ஆயினும் அநேக இடங்களில், மேலேயுள்ள நீர்ப்பிடிப்பு நிலமும், மிகுதி நீர் வழியும் கலிங்கலும் (தெற்கு ஜில்லாக்களில் மறுகால் என்பர்) கவனிப்பாரின்றிக் கிடப்பதே உடைப்புக்குக் காரணமாகின்றது.

பூமியின் உஷ்ணம் ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏறினால், காற்று தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு மிகுகின்றது. ஆகையால் சில மணி நேரத்திற்குள் கொட்டிவிடும் பெருமழைகள் வலுத்து வருகின்றன. இதனால் விளைவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 3,630 கன அடி ஜலம். ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், நீர்ப்பிடிப்பில் 4 அங்குலம் பெய்து, அதில் பாதி ஓடி வருவதாக வைத்துக்கொண்டால், ஏரிக்கு வரும் ஜலம் சுமார் 46 லட்சம் கன அடி. இது 24 மணி நேரத்தில் வந்தால் வினாடிக்கு சுமார் 54 கன அடி. 6 மணி நேரத்தில் வந்துவிட்டாலோ 215 கன அடி. மழை அதே மழைதான். ஆனால் நிரம்பிய ஏரியின் கலிங்கல் நான்கு மடங்கு வேகத்தைத் தாங்கியாக வேண்டும்.

இந்நிலையில், கலிங்கலின்மேல் நட்டுள்ள கற்களுக்கிடையே மண்மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தும் வழக்கம் மிகவும் அபாயகரமானது. ஒரு போகத்துக்கு இன்னும் ஒரு தண்ணீர் கிடைக்குமென்ற ஆசை இயல்பே. ஆனால் அடைத்த உயரமெல்லாம் கரைக்கு மிஞ்சிய உயரத்தில் குறைந்துவிடுகிறது. "மார்கழி பிறந்துவிட்டது, இனிப் பெருமழை இல்லை" என்ற நம்பிக்கையும் உதவாது. 2023-ஆம் ஆண்டு மார்கழி பிறந்த வேளையில், டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் (ஏறக்குறைய 37 அங்குலம்) மழை பதிவாயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பல குளங்கள் உடைத்துக்கொண்டன. அத்தகைய மழையை எதிர்பார்த்து அமைந்தவை அல்ல நம் பழைய மறுகால்கள். இருக்கும் வாயையும் அடைப்பது எவ்வாறு தகும்? ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளில் மேல் ஏரி உடைந்தால், அவ்வெள்ளம் முழுதும் கீழ் ஏரியின்மேல் வந்து விழும்.

மேட்டு நிலத்தார் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்புகளை உயர்த்தி, ஓடைகளில் சிறு கல்லணை இடுவார்களானால், வெள்ளம் வந்து சேரும் நேரம் நீளும். வண்டலும் மேட்டிலேயே தங்கும். நனைந்து ஊறிய நிலத்தில் இதன் பயன் குறைவே. ஆயினும் பருவத்தின் முதல் மழைகளை நிலத்தில் இறக்கிக் கிணறுகளுக்கு ஊட்டம் தருவதும் இவ்வேலைதான்.

வண்டல் எடுப்போர் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டலாகாது; அங்கே பள்ளம் விழுந்தால் கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீரும் பாசனத்துக்குப் பாயாது. களிப்பான வண்டல் மணற்பாங்கான புன்செய்க்கு நல்ல உரம்.

கிராம அதிகாரிகள் ஆடி மாதத்துக்குள் வரத்துக்காலையும், கலிங்கலிலிருந்து கீழ் ஏரி வரையுள்ள போக்குக்காலையும் புலப்படத்துடன் நடந்து பார்த்தல் வேண்டும். சீமைக்கருவேல் மண்டிய இடத்தையும், கால் குறுகிய இடத்தையும் சர்வே எண்ணுடன் குறித்துக்கொள்க. ஆக்கிரமிப்பு காணப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. போக்குக்காலில் நெல் நட்டிருப்பவர் பெரும்பாலும் அவ்வூர் ஆயக்கட்டுதாரரே. அவரிடம் அறுவடை முடிந்ததும் பேசுவது எளிது.