மீனை டின்னில் அடைத்த இடத்தில் ஒரு மீன் காட்சிசாலை

மாரி காலத்தில் தோணிகள் கடலுக்குப் போகாத நாட்களில் எங்கள் வீட்டுக் குசினியில் டின் மீன்தான் கைகொடுக்கும். அப்படியான ஓர் இரவு, உயிரியல் பாடத்துக்காக உணவுச் சங்கிலி பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மொண்டரே விரிகுடா மீன் காட்சிசாலையின் நேரலைக் காட்சி கைப்பேசியில் அகப்பட்டது. இங்கே இரவு பத்து மணி. அங்கே காலை நேரம். பொன்னிறக் கடற்பாசிகளுக்கிடையே மீன்கள் கூட்டமாய் நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த தங்கச்சி கேட்டாள்: "ராத்தா, இதுவும் ஒரு பெரிய டின்தானே? கண்ணாடி டின்."

சிரித்தேன், ஆனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தங்கச்சி அறியாமல் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அந்தக் காட்சிசாலை நிற்பது பழைய டின் மீன் தொழிற்சாலை ஒன்றின் காணியில்தான். மொண்டரே நகரின் கடலோரத் தெருவில் ஒரு காலத்தில் சாளை மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் வரிசையாக இருந்தன. எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1945இல் வெளியிட்ட 'கேனரி ரோ' என்ற நாவல் அத்தெருவின் மனிதர்களைப் பற்றியது. 1958இல் நாவலின் பெயரையே தெருவுக்கும் சூட்டினார்கள். ஆனால் அதற்குள் சாளை போய்விட்டது. கடல்நீரின் வெப்பநிலை மாறும்போது சாளையின் தொகை இயற்கையாகவே ஏறி இறங்கும். இறங்கும் காலத்திலும் அளவின்றி அள்ளியதால் 1950களில் அத்தொழில் படுத்துவிட்டது. கடைசியாக எஞ்சியிருந்த ஹோவ்டன் தொழிற்சாலை 1973இல் மூடப்பட்டது.

அதே இடத்தில் 1984 ஒக்டோபர் 20ஆம் திகதி காட்சிசாலை திறக்கப்பட்டது. டேவிட் பக்கார்ட், லூசில் பக்கார்ட் தம்பதியர் இதற்காக 55 மில்லியன் டொலர் வழங்கினர். கடல் உயிரியல் கற்ற அவர்களது மகள் ஜூலி, நான்கு தசாப்தங்களாக அதனை வழிநடத்தினார்.

நான் நேரலையில் கண்டது அங்குள்ள 'கெல்ப் காடு'. கெல்ப் என்பது மரம்போல் உயர்ந்து வளரும் இராட்சதக் கடற்பாசி. ஏறத்தாழ 8.5 மீற்றர் உயரமான தொட்டியில் அதனை உயிரோடு வளர்க்கிறார்கள். சூரிய ஒளி வேண்டுமென்பதால் தொட்டியின் மேற்புறம் திறந்திருக்கிறது. அசையாத நீரில் கெல்ப் வளராது என்பதால், அலைபோல நீரை அசைக்க ஓர் இயந்திரமும் உண்டு. நீரோ விரிகுடாவிலிருந்தே குழாய் வழியாக வருகிறது. பகலில் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிய வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாத கடல்நீரையே விடுகிறார்கள். அதனோடு வரும் நுண்ணுயிர்கள் உள்ளிருப்பவற்றுக்கு இரையாகின்றன; அதனோடு வரும் குடம்பிகள் சில அங்கேயே ஒட்டி வளர்கின்றன.

இந்தக் கெல்ப் காட்டின் காவலாளி கடல் நீர்நாய். முள் நிறைந்த கடல் முள்ளெலிகள் கெல்பைத் தின்னும். நீர்நாய் முள்ளெலியைத் தின்னும். நீர்நாய் அழிந்தால் முள்ளெலி பெருகும், காடு மொட்டையாகும். அடர்ந்த உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டதால், 1938இல் பிக் சர் கரையோரத்தில் சுமார் 50 நீர்நாய்களின் கூட்டம் கண்டறியப்பட்டபோது அதுவே பெரும் செய்தியாயிற்று. இன்று கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3000 இருக்கின்றன.

தாயைப் பிரிந்து கரையொதுங்கும் குட்டிகளை இக்காட்சிசாலை மீட்டு வளர்க்கிறது. ஆரம்பத்தில் மனிதர்களே பாலூட்டி வளர்த்தார்கள். அவ்வாறு வளர்ந்தவை மனிதரைத் தேடி வந்தன. கடலில் வாழத் தெரியாமல் தடுமாறின. 2001இல் வழி பிறந்தது. நோயுற்றுக் கரையொதுங்கிய தூலா என்ற பெண் நீர்நாய் அங்கே ஈன்ற குட்டி இறந்தே பிறந்தது. அந்த நேரத்தில் தாயற்ற குட்டியொன்று கொண்டுவரப்பட்டது. தூலாவிடம் விட்டார்கள். அவள் அதனைத் தன் குட்டியாகவே ஏற்றாள். சிப்பி உடைக்கவும் இரை தேடவும் பழக்கினாள். அன்றிலிருந்து மீட்கப்பட்ட குட்டிகளை வளர்ப்புத் தாய்களிடமே ஒப்படைக்கிறார்கள். ஊழியர்கள் குட்டியைத் தொட நேர்ந்தால், மனித முகம் அதற்குப் பழகிவிடாதிருக்கக் கறுப்பு அங்கியும் முகத்தை மறைக்கும் கவசமும் அணிகிறார்கள். அந்தப் படத்தைக் காட்டியபோது தங்கச்சி, "அங்கேயும் அபாயா உடுத்திரிக்காங்களா?" என்றாள்.

2002 முதல் 2016 வரை இவ்வாறு வளர்ந்த 37 நீர்நாய்களை எல்க்ஹோர்ன் கழிமுகத்தில் விட்டார்கள். அங்கே அக்காலத்தில் பெருகிய நீர்நாய்த் தொகையில் பாதிக்கு மேற்பட்டவை அவையும் அவற்றின் வழிவந்தவையுமே என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

எல்லாமே வெற்றியல்ல. 2004இல் காட்சிக்கு வைத்த இளம் வெள்ளைச் சுறா ஒன்றை 198 நாட்களின் பின் 2005இல் கடலில் விட்டபோது உலகமே வியந்தது. ஆனால் 2011இல் விடப்பட்ட சுறா விரைவிலேயே இறந்துபோயிற்று. அதன்பின் அவர்கள் வெள்ளைச் சுறாவைக் காட்சிக்கு வைக்கவில்லை. கூட்டம் கூடுகிறதென்பதற்காக எல்லா உயிரையும் கண்ணாடிக்குள் வைக்க முடியாது என்பதும் இங்கே கிடைக்கும் பாடந்தான்.

காட்சிசாலையின் பணி வாசலோடு முடிவதில்லை. 1999இல் அவர்கள் தொடங்கிய கடலுணவு வழிகாட்டி, மீன்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கிறது. அந்த இனம் கடலில் போதியளவு இருக்கிறதா, எந்த முறையில் பிடிக்கப்பட்டது, வேறு உயிர்கள் வலையில் சிக்கினவா என்பவற்றைப் பார்த்தே நிறம் தருகிறார்கள். சாளையைத் தீர்த்த தெருவிலிருந்து இப்படியொரு வழிகாட்டி வந்தது என்னை யோசிக்க வைத்தது.

ஆக, தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "டின்னுக்குள்ள போன மீன் கடலுக்குத் திரும்பிப் போகாது. இங்கே இருந்து எத்தனை உயிர் திரும்பிப் போகுது எண்டு பாக்கணும். அதுதான் வித்தியாசம்."

"அப்ப தூலா?"

தூலா திரும்பிப் போகவில்லை. அவளுடைய நோய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 2012இல் அங்கேயே இறந்தாள். அவள் வளர்த்த குட்டிகள் போயின. அதைச் சொன்னேன். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை.

மழை விட்டுத் தோணிகள் மறுபடியும் கடலுக்குப் போன நாள், வாப்பா சந்தையிலிருந்து மீன் பையோடு வந்தார். அவள் ஓடிப்போய்க் கேட்டாள்: "வாப்பா, இது என்ன வலையில புடிச்ச மீன்?"

வாப்பா பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "இத்தன வருஷமா மீன் வாங்குறேன் மகள், ஒரு நாளும் கேக்கல்லியே. நாளைக்குக் கேட்டுட்டு வாறேன்" என்றார்.