ஆய்வும் அறமும்

அறிவியல் ஆய்வு உண்மையைத் தேடும் முயற்சி. கண்டறிந்த உண்மை யாருக்குத் தெரிவிக்கப்படுகிறது, எப்போது தெரிவிக்கப்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது ஆகிய வினாக்கள் ஆய்வுக்கூடத்தின் சுவர்களுக்குள் அடங்குவன அல்ல. அவை அறம் சார்ந்தவை. ஜப்பான் நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் நேர்ந்த பேரிடரின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

சுற்றுச்சூழல் நீதி

தொழில் வளர்ச்சியின் பயன் ஓரிடத்திலும் அதன் கழிவு வேறோரிடத்திலும் சென்று சேர்வது உலகெங்கும் காணப்படும் நிலையாகும். நச்சுக் கழிவுக் கிடங்குகள் பெரும்பாலும் எளியோர் வாழும் பகுதிகளை ஒட்டியே அமைகின்றன. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த வாரன் பகுதியில் நச்சு கலந்த மண்ணைக் கொட்டிப் புதைக்க முற்பட்டனர். அதை எதிர்த்துப் போராடிய மக்களுள் 500க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். கிடங்கு அமைவதைத் தடுக்க இயலவில்லை. ஆயினும், 'சுற்றுச்சூழல் நீதி' என்னும் கருத்து அப்போராட்டத்தால் வலுப்பெற்றது.

இயற்கையின் நன்மையும் தீமையும் மக்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பது இந்நீதியின் முதற்கூறு. முடிவெடுக்கும் இடத்தில் பாதிக்கப்படுவோருக்கு இடமுண்டா என்பது இரண்டாம் கூறு. அவர்களுடைய அறிவும் அனுபவமும் மதிக்கப்படுகின்றனவா என்பது மூன்றாம் கூறு. இம்மூன்றிலும் ஆய்வாளருக்குப் பங்குண்டு என்பதை மினமாட்டா உணர்த்துகிறது.

மினமாட்டாவின் துயரம்

ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தில் உள்ளது மினமாட்டா. அவ்வூரின் பொருளாதாரம் சிசோ என அறியப்படும் வேதித் தொழிற்சாலையைச் சார்ந்திருந்தது. 1932 முதல் 1968 வரை அங்கு அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் உருவாக்கப்பட்டது. அதற்கு வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீருடன் கடலில் கலந்தது. அது மீன்களின் உடலிலும் சிப்பிகளின் உடலிலும் சேர்ந்து, அவற்றை நாள்தோறும் உண்ட மீனவக் குடும்பங்களை அடைந்தது.

முதலில் பூனைகள் தள்ளாடி விழுந்து இறந்தன. பின்னர் மனிதருக்குக் கைகால்கள் மரத்துப்போயின, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. 1956ஆம் ஆண்டு மே முதல் நாள், காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுவதாகப் பொதுநலத்துறைக்கு அறிவிக்கப்பட்டது. அதனை அறிவித்தவர் ஆலையின் மருத்துவமனைத் தலைவரான ஹோசோகவா ஹாஜிமே. தொற்றுநோய் என அஞ்சி ஊரார் நோயுற்ற குடும்பங்களை விலக்கினர். நோயின் துன்பத்தோடு இகழ்ச்சியின் துன்பமும் அவர்களைச் சேர்ந்தது.

மறைக்கப்பட்ட உண்மை

1959ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசமே எனக் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு அறிவித்தது. அதே காலத்தில் ஹோசோகவா, அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து ஆராய்ந்தார். ஆய்வில் 400 என்னும் எண்ணைப் பெற்ற அப்பூனைக்கு அக்டோபர்த் திங்களில் அதே நோய் தோன்றியது. ஆலையே காரணம் என்பதற்கான சான்று ஆலையின் உள்ளேயே கிடைத்துவிட்டது.

நிருவாகம் அம்முடிவை வெளியிடவில்லை. ஆய்வைத் தொடரவும் அப்போது இசையவில்லை. மருத்துவரும் பொதுவெளியில் பேசவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நோயுற்றோருடன் ஆலை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பிற்காலத்தில் ஆலைக் கழிவே காரணம் என மெய்ப்பிக்கப்பட்டாலும் மேலும் இழப்பீடு கோரலாகாது என்னும் விதி அதில் இடம்பெற்றது. உண்மை ஒரு தரப்பினரிடம் மட்டும் இருந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தம் அது.

இதற்கிடையில் வேறு சில அறிஞர்கள், போர்க்கால வெடிபொருள் கடலில் கலந்திருக்கலாம் என்றும், மீன் அழுகுவதால் உண்டாகும் நஞ்சு காரணமாகலாம் என்றும் கருத்துரைத்தனர். ஐயம் எழுப்புதல் அறிவியலின் இயல்பே. ஆயின், ஐயம் நீடித்த ஒவ்வோர் ஆண்டின் விலையையும் செலுத்தியவர்கள் மீனவ மக்களே. 1965ஆம் ஆண்டு நீகாட்டா என்னும் இடத்தில், வேறோர் ஆலையின் கழிவால் அதே நோய் தோன்றியது. 1968ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அரசு உண்மையை முறையாக ஏற்றது. 1970ஆம் ஆண்டு, நோய்ப்படுக்கையில் இருந்த ஹோசோகவா பூனை ஆய்வைப் பற்றி நீதிமன்றத்திற்குச் சான்றளித்தார். சில திங்களில் மறைந்தார். 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குமமோட்டோ நீதிமன்றம் ஆலையைப் பொறுப்பாக்கியதுடன் பழைய ஒப்பந்தமும் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

நோயை முதலில் அறிவித்தவரும் சான்றைக் கண்டவரும் நெடுநாள் பேசாதிருந்தவரும் ஒருவரே. அறிவும் இரக்கமும் உடைய ஆய்வாளரைக்கூட அவர் சார்ந்திருக்கும் நிறுவனம் கட்டிப்போடக்கூடும். ஆகவே ஆய்வு முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் உள்ளது என்பதை ஆய்வு தொடங்கும் முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தாயின் சொல்

குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவரான ஹராடா மசசுமி, நோயுற்றோரின் இல்லங்களுக்கே சென்றார். ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே வகை அறிகுறிகள் தோன்றியிருந்தன. மீன் உண்ட அண்ணனுக்கு மினமாட்டா நோய் எனவும், மீனே உண்ணாத தம்பிக்குப் பிறவி மூளை வாதம் எனவும் மருத்துவர்கள் முடிவுசெய்திருந்தனர். கருவுற்றிருந்தபோது தான் உண்ட மீனின் நஞ்சே வயிற்றிலிருந்த குழந்தையைத் தாக்கியது என்றார் தாய்.

நஞ்சுக்கொடி கருவை நச்சுப்பொருள்களிலிருந்து காக்கும் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. ஆயினும், ஹராடா தாயின் சொல்லைத் தள்ளிவிடாமல் ஆய்வுக்குரிய கருத்தாக ஏற்றார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் 16 குழந்தைகள் கருவிலேயே நோயுற்றவர்கள் என ஏற்கப்பட்டனர். உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தினுள் வைத்துக் காக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஜப்பானியரும் அதனைச் சிறு பெட்டியில் பாதுகாப்பர். அவ்வாறு காக்கப்பட்ட கொடிகளில் பின்னாளில் மெத்தில் பாதரசம் கண்டறியப்பட்டது. அன்னையரின் பேழைகளே அறிவியலுக்குச் சான்றகங்களாயின.

ஆய்வாளர் தம்மைக் கேட்க வேண்டியவை

மினமாட்டா தரும் படிப்பினையைச் சில வினாக்களாகத் தொகுக்கலாம். என் ஆய்வுக்குப் பொருளுதவி செய்பவர் யார்? பாதகமான முடிவு கிடைத்தாலும் அதை வெளியிட எனக்கு உரிமை உண்டா? பாதிக்கப்பட்டோர் எனக்குத் தரவு தருபவர்கள் மட்டுந்தானா, வினாவை வகுப்பதிலும் பங்குடையவர்களா? முடிவுகளை அவர்களுடைய மொழியில் அவர்களிடம் சேர்த்தேனா? 'இன்னும் சான்று வேண்டும்' என நான் காத்திருக்கும் காலத்தில் துன்புறுபவர் யார்?

இவ்வினாக்கள் ஆய்வின் நடுநிலையைக் குலைப்பன அல்ல. ஹராடாவின் செவிசாய்ப்பு அறிவியலை மேலும் துல்லியமாக்கியதே இதற்குச் சான்று. 2013ஆம் ஆண்டு குமமோட்டோவில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, 'மினமாட்டா உடன்படிக்கை' என்றே பெயர் பெற்றது. அப்பெயர் ஒரு நஞ்சின் கொடுமையை மட்டுமன்றி, அறிந்தும் சொல்லாதிருந்த ஆண்டுகளையும் நினைவூட்டுகிறது. நாளை ஆய்வுக்கூடங்களில் நுழையவிருக்கும் மாணவர்கள் நுண்ணோக்கியோடு இவ்வினாக்களையும் உடன்கொண்டு செல்வார்களாக!

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையை ஆராய்வதாகக் கொண்டு, அதனைப் பயன்படுத்தும் மக்களிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.
2. 'ஹோசோகவா 1959ஆம் ஆண்டிலேயே பேசியிருக்க வேண்டுமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.