ஒலிச்சொற்களும் அசைவுச்சொற்களும்: ஆங்கிலமும் தமிழும் கன்னடமும்

கிகில், சக்கிள், மம்பிள், ராட்டில், நாட், ஷ்ரக், விங்க் என்றாற்போல ஒலியையும் உடலசைவையும் குறிக்கும் அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தில் மிகுதி. இவற்றுக்குச் 'சிரி', 'பேசு', 'அசை' என்ற அளவில் பொருள் எழுதி நின்றுவிடும் வழக்கம் இருமொழிப் பொருள்விளக்கங்களில் உண்டு. இதனால் தமிழில் நேரான சொற்கள் இல்லை என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றுகிறது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்கும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இச்சிக்கலை எளிதிற் காணலாம். உண்மையில் சொல் இல்லாமலில்லை. அது வாக்கியத்தில் அமையும் இடமே வேறு.

ஆங்கிலம் ஓசையை வினையடிக்குள் புதைத்துவிடுகிறது. கிகில் என்னும் ஒரே சொல் சிரித்தலாகிய தொழிலையும் அச்சிரிப்பின் ஓசையையும் உணர்த்தும். தமிழ் தொழிலை வினையிலும் ஓசையைத் தனிக்குறிப்பிலும் வைத்து, இரண்டையும் 'என' என்பதால் இணைக்கிறது. களுக்கெனச் சிரித்தாள் என்பது கிகில். குபீரெனச் சிரித்தான் என்பது அடக்கிய சிரிப்பு வெடித்தல். கடகடவெனச் சிரித்தான் என்பது கஃபா என்னும் பெருஞ்சிரிப்புக்கு அண்மையது. வேறுபாடுகள் அனைத்தும் குறிப்புச் சொல்லில் உள்ளன. வினையை மட்டும் தேடுவோர்க்கு அவை புலப்படா. 'என' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் ஆறு பொருள்களுள் இசையும் குறிப்பும் அடங்கும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மம்பிள், ராட்டில் போன்றவற்றின் ஈறு, செயல் மீண்டும் மீண்டும் நிகழ்தலைச் சுட்டுவது. அப்பணியைத் தமிழில் இரட்டித்தல் செய்கிறது: முணுமுணு, கடகட.

கன்னடமும் தமிழின் வழியிலேயே செல்கிறது. பெங்களூர்த் தூர்தர்சனின் சந்தனா அலைவரிசையில் 2002-இல் தொடங்கிய வினாடிவினா நிகழ்ச்சியின் பெயர் 'தட் அந்த ஹேளி'. இதிலுள்ள 'அந்த' தமிழ்ச் சுட்டன்று. 'என்று' என்பதன் கன்னட இணை. 'சட்டென்று சொல்லுங்கள்' எனச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாலும் பிழை வாராது. ஆங்கிலத்தில் அவ்வாறு பெயர்க்க இயலாது. ஓசையை விட்டு, 'விரைவாக' என்னும் பொருளை மட்டுமே தரமுடியும். இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவான ஓர் இந்தியப் பண்பு என்பதை எமனோ 1969-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகக் காட்டினார்.

நாவொலிகளில் பொருள் மயக்கம் மிகும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தெழுப்பும் ஒலி ஆங்கிலேயரிடம் பெரும்பாலும் கண்டிப்பைக் குறிக்கும். தமிழில் அது உச்சுக்கொட்டுதல். இரக்கமும் ஏமாற்றமும் அதன் பொருள்கள். 'சாப்பிட்டாயா?' என்னும் வினாவுக்கு விடையாக வரும்போது அவ்வொலியே 'இல்லை' என்றாகும். கன்னடத்தார் இதனை 'லொசகுட்டு' என்பர். சுவையில் எழுவதோ சப்புக்கொட்டுதல். கதை கேட்போர் செய்வது உம்கொட்டுதல். 'கொட்டு' என்னும் துணைவினையின் இவ்வாட்சியைப் பொருள்விளக்கம் எழுதுவோர் இன்னும் நன்கு பயன்படுத்தலாம்.

அசைவுச் சொற்களில் ஷ்ரக் என்பதைத் 'தோளைக் குலுக்கினான்' என எழுதுவது இன்று பரவிவிட்டது. தமிழர் அறியாமையைக் காட்ட உதட்டைப் பிதுக்குவர் அல்லது கையை விரிப்பர். தோளுக்கு இதில் வேலை குறைவு. விங்க் என்பதற்குக் கண்ணடித்தல் பொருந்தினும் அதிலுள்ள குறும்பு, காமக் குறிப்பு எல்லா இடத்துக்கும் ஏலாது.

இவற்றினும் இடர் மிக்கது தலையசைவு. நாட் என்பது மேலும் கீழுமாக அசைத்து உடன்படுதல். பக்கவாட்டில் அசைத்தல் ஆங்கிலத்தில் மறுப்பு. தென்னாட்டிலோ தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்தாட்டுவது உடன்பாடு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை பக்கவாட்டிலும் ஆடுவதே. எனினும் எதற்கும் இசைபவனையே அப்பெயரால் குறிக்கிறோம். ஆகவே மறுத்தவனைப் பற்றித் 'தலையை ஆட்டினான்' என மொழிபெயர்த்தால் வாசகர் அவன் இசைந்தான் என்றே கொள்வர். 'மறுத்துத் தலையசைத்தான்' என்று விளக்கி எழுதுவதே தக்கது.

கதையில் இது சிறு பிழை. வழக்கில் அவ்வாறன்று. 1885-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்த்த அப்துல்லா வழக்கில், கழுத்தறுபட்டுப் பேச்சிழந்த பெண், தன்னிடம் கேட்கப்பட்ட வினாக்களுக்குக் கையசைவால் விடை தந்தாள். வினாக்களோடு சேர்த்து நோக்க, அவ்வசைவுகள் வாய்மொழிக்கு நிகரான கூற்றாக ஏற்கப்பட்டன.