வானிற் பரவும் புழுதியும் எரிமலைச் சாம்பலும்: செயற்கைத் துணைக்கோள்களின் கண்காணிப்பு

கொச்சி நகரின் ஒரு பகுதியாகிய மட்டாஞ்சேரியில், காயற்கரையை ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய பண்டகசாலைகளைக் காண்போர், மிளகும் சுக்கும் ஏலமும் இக்கரையிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்ற நெடிய வரலாற்றை எண்ணாமலிருக்க இயலாது. அவ்வாணிபம் முழுவதும் பருவக்காற்றை நம்பியே நடைபெற்றது. தென்மேற்குப் பருவக்காற்று பாய்மரக் கப்பல்களை மலையாளக் கரைக்குக் கொணர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திரும்பக் கொண்டு சேர்த்தது. ஆனால் காற்று சுமந்து செல்வன கப்பல்கள் மட்டுமல்ல. அரேபியப் பாலைவனத்தின் புழுதியும், சில சமயங்களில் ஆப்பிரிக்க எரிமலைகளின் சாம்பலும் அதே அரபிக்கடலைக் கடந்து நம் நாட்டை எட்டுகின்றன. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இத்துகள்களை விண்ணிலிருந்து எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொச்சிப் பயணங்களைத் தடுத்த சாம்பல்

2025 நவம்பர் 23ஆம் தேதி, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலுள்ள ஹெய்லி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. வரலாற்றுக் காலத்தில் இவ்வெரிமலை வெடித்ததாக எவ்விதக் குறிப்பும் இல்லை. அதன் சாம்பல் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்து, செங்கடலையும் ஏமனையும் ஓமனையும் கடந்து அரபிக்கடலின் மேற் பரவியது. மறுநாள் கொச்சி விமான நிலையத்திலிருந்து ஜெத்தாவுக்கும் துபாய்க்கும் செல்லவிருந்த இரு விமானப் பயணங்கள் ரத்து செய்யப்பட்டன. அன்றிரவு சாம்பல் முகில் குஜராத், ராஜஸ்தான் வழியாக டில்லி வானத்தை அடைந்தது. எரிமலைக்கும் டில்லிக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 4,000 கிலோமீட்டர். இதனை ஒன்றரை நாளுக்குள் அச்சாம்பல் கடந்துவிட்டது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. முகிலின் முதன்மைப் போக்கு வடமேற்கு இந்தியாவை நோக்கியதேயன்றிக் கேரளத்தை நோக்கியதன்று. எனினும் கொச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் வான்வழிகள் சாம்பல் பரவிய பகுதிகளை அணுகிச் செல்வன. அந்நாடுகளில் தொழில் புரிவோரும், மக்கா யாத்திரை மேற்கொள்வோரும் நாள்தோறும் பெருந்தொகையினராக அவ்வழிகளிற் செல்கின்றனர். ஒரு பயணத்தை வீணாக நிறுத்தினால், குறித்த நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் இடர்ப்படுவர். நிறுத்த வேண்டிய பயணத்தை நிறுத்தத் தவறினாலோ உயிருக்கே ஆபத்து நேரும். இவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்பளிக்க, சாம்பல் எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு உள்ளது என்பது உரிய வேளையில் தெரிந்தாக வேண்டும்.

சாம்பலால் விளையும் தீங்கு

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. அது பொடியாகிய பாறையும் கண்ணாடித் துகளுமேயாகும். இத்துகள்கள் சுமார் 1,100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருகத் தொடங்கும். ஜெட் விமான எந்திரத்தின் உட்புற உஷ்ணமோ அதனினும் மிகுதி. ஆகவே, உள்ளே இழுக்கப்படும் சாம்பல் உருகி, பின்னர்ச் சற்றுக் குளிர்ந்த பாகங்களில் படிந்து, காற்றுப் பாதையை அடைத்துவிடுகிறது. 1982 ஜூன் 24ஆம் தேதி, ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலினுட் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் நான்கு எந்திரங்களும் நின்றுவிட்டன. விமானம் சாம்பலை விட்டுக் கீழே இறங்கிய பின்னரே எந்திரங்கள் மீண்டும் இயங்கின. அது ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. விமானத்திலுள்ள வானிலை ராடார் மழைத்துளிகளைக் காண்பதற்கென அமைந்தது. உலர்ந்த நுண்சாம்பலை அதனால் காண இயலாது. இரவு வேளையில் விமானியின் கண்ணும் உதவாது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பயனாக, உலகெங்கும் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஹெய்லி குப்பி வெடித்தபோது பிரான்சு நாட்டின் துலூஸ் நகரிலுள்ள நிலையம் அறிக்கைகளை வெளியிட்டது. நம் நாட்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை முகிலின் போக்கைத் தொடர்ந்து கணித்தது. சாம்பல் பரவிய பகுதிகளையும் உயரங்களையும் தவிர்க்குமாறு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

துணைக்கோள் காணும் முறை

பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றிவரும் துணைக்கோள் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். 2016இல் செலுத்தப்பெற்ற இன்சாட்-3டி.ஆர்., 2024 பிப்ரவரி 17இல் செலுத்தப்பெற்ற இன்சாட்-3டி.எஸ். ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. அரபிக்கடலும் இந்தியப் பெருங்கடலும் எந்நேரமும் இவற்றின் பார்வையில் உள்ளன.

பகலில் சூரிய ஒளியைக்கொண்டு எடுக்கும் படத்தில் அடர்ந்த புழுதி பழுப்பு நிறமாகத் தெரியும். இரவில் இம்முறை பயன்படாது. அப்போது பூமியே வெளிவிடும் வெப்பக் கதிர்கள், அதாவது அகச்சிவப்புக் கதிர்கள், கைகொடுக்கின்றன. இவற்றுள் சுமார் 11 மைக்ரான் அலைநீளமுள்ள கதிரையும், சுமார் 12 மைக்ரான் அலைநீளமுள்ள கதிரையும் துணைக்கோள் தனித்தனியே அளக்கிறது.

நீர்த்துளிகளாலும் பனித்துகள்களாலும் ஆகிய சாதாரண மேகம் 12 மைக்ரான் கதிரையே மிகுதியாக உட்கவர்கிறது. பாறைத் துகளிலுள்ள சிலிக்கேட்டுப் பொருள்களோ இதற்கு மாறாக 11 மைக்ரான் கதிரை மிகுதியாக உட்கவர்கின்றன. ஆகவே 11 மைக்ரானில் அளந்த உஷ்ணநிலையிலிருந்து 12 மைக்ரானில் அளந்த உஷ்ணநிலையைக் கழித்தால், மேகத்திற்கு விடை பெரும்பாலும் நேர்க்குறியிலும், சாம்பலுக்கு எதிர்க்குறியிலும் கிடைக்கும். 1989இல் ஃப்ரெட் பிராட்டா என்னும் அறிவியலாளர் இக்கழித்தல் முறையைச் சாம்பலைப் பிரித்தறியும் கருவியாக விளக்கினார். இத்துணை எளிய கணக்கு ஒன்று இன்றும் உலகின் எச்சரிக்கை நிலையங்களுக்கு அடிப்படையாக விளங்குகிறது.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கொச்சியைச் சூழ்ந்த வெப்பமண்டலக் காற்றில் நீராவி மிகுதி. அது இவ்வேறுபாட்டை மங்கச் செய்கிறது. எரிமலையின் வாயருகே சாம்பல் மிக அடர்ந்திருப்பின் இரு கதிர்களும் ஒருங்கே மறைக்கப்படும். சாம்பற் துகளின்மீது பனி படர்ந்தால் அது மேகம்போலவே தோன்றும்.

புழுதியா, சாம்பலா?

இவ்விடத்தில் மற்றொரு சிக்கல் எழுகிறது. பாலைவனப் புழுதியும் பாறைத் துகளே. எனவே அதுவும் எதிர்க்குறியையே காட்டும். அரேபியப் புழுதியும் ஆப்பிரிக்கச் சாம்பலும் ஒரே கடலின்மேல் வரக்கூடுமாதலால், இரண்டையும் வேறுபடுத்த வேறு சான்றுகள் தேவைப்படுகின்றன.

அவற்றுள் முதன்மையானது கந்தக டை ஆக்ஸைடு. எரிமலை இவ்வாயுவைப் பெருமளவில் கக்கும். பாலைவனப் புழுதியில் அது இராது. இவ்வாயு புறஊதாக் கதிரையும், சில அகச்சிவப்பு அலைநீளங்களையும் உட்கவரும் தன்மையுடையது. 2017 அக்டோபரில் செலுத்தப்பெற்ற ஐரோப்பியத் துணைக்கோளாகிய சென்டினல்-5பி, சூரிய ஒளியில் இவ்வாயு விட்டுச்செல்லும் அடையாளத்தைக் கொண்டு அதனை அளக்கிறது. ஆயினும் வாயுவும் சாம்பலும் எப்பொழுதும் இணைந்தே செல்வதில்லை. கனமான சாம்பல் கீழிறங்கி ஒரு காற்றிலும், வாயு மேலே நின்று வேறொரு காற்றிலும் செல்வதுண்டு. ஆதலின் வாயு உள்ள இடமெல்லாம் சாம்பல் உண்டு எனக் கொள்வது தவறு.

இரண்டாவது சான்று உயரம். பாலைவனப் புழுதி பெரும்பாலும் 5 கிலோமீட்டருக்குக் கீழேயே தங்கும். பெருவெடிப்பின் சாம்பலோ ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்தை எட்டும். அடர்ந்த முகிலின் மேற்பரப்பு உஷ்ணநிலையை அளந்து, அவ்வுஷ்ணம் எந்த உயரத்தில் நிலவுகிறதோ அதனை முகிலின் உயரமாகக் கணிக்கின்றனர். இதற்குத் தரையிலிருந்து பெறும் மேற்காற்று அளவைகளும் துணைபுரிகின்றன. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ராடார், தலைக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்க வல்லது. உயரத்திற்கு உயரம் காற்றின் திசை மாறுவதால், இத்தகைய அளவைகளின்றி முகிலின் நாளைய இருப்பிடத்தைக் கூற இயலாது.

அரபிக்கடற் புழுதியின் விளைவுகள்

எரிமலை வெடிப்பு அரிது. புழுதியோ ஆண்டுதோறும் வருவது. ஜூன், ஜூலை மாதங்களில், ஈரமிக்க பருவக்காற்றுப் படலத்தின்மேல், அரேபியாவிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று புழுதியைச் சுமந்து மிதந்து வருகிறது. பிற பருவங்களிலும் இது நிகழ்வதுண்டு. 2012 மார்ச்சு மாதத்தில் அரேபியாவில் எழுந்த புழுதிப்புயல் அரபிக்கடலைக் கடந்து மும்பை வரை மங்கல் உண்டாக்கியதைத் துணைக்கோட் படங்கள் தெளிவாகக் காட்டின.

இப்புழுதி சூரிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் தானே ஏற்று, தன்னைச் சூழ்ந்த காற்றைச் சூடாக்குகிறது. இதனால் அரபிக்கடலிலிருந்து நிலத்தை நோக்கி வரும் ஈரக்காற்று வலுப்பெற்று, ஒரு வாரத்திற்குள் நடு இந்தியாவில் மழை மிகுகிறது என்று வி. வினோஜும் அவர்தம் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. துணைக்கோள்கள் பல ஆண்டுகள் திரட்டிய அளவைகளும் இம்முடிவுக்கு ஆதாரம்.

கொச்சி மீனவருக்கும் இதில் தொடர்புண்டு. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடற்சார் தகவல் சேவை மையம், கடல்நீரின் உஷ்ணத்தையும் நிறத்தையும் துணைக்கோள்வழி அறிந்து, மீன்வளம் மிக்க பகுதிகளை அறிவிக்கிறது. இடையே புழுதிப்படலம் நின்றால் கடலின் நிறமும் உஷ்ணமும் பிழையாகத் தோன்றும். எனவே புழுதியை அளந்து கழித்த பின்னரே கடலைப் பற்றிய செய்தியை நம்ப முடியும்.

நமது எரிமலை

நம் நாட்டில் இயங்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அது அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேரன் தீவு. நெடுங்காலம் அடங்கியிருந்த இது 1991இல் மீண்டும் வெடித்தது. 2005 முதல் அவ்வப்போது இயங்கி வருகிறது. மக்கள் வாழாத இத்தீவுக்குத் துணைக்கோளே நிலையான காவலன். சுமார் 4 மைக்ரான் அலைநீளத்தில், மிகச் சிறிய பரப்பிலுள்ள தீக்குழம்பும் பளிச்சென்று புலப்படும். இப்பகுதிக்கான சாம்பல் எச்சரிக்கைகளை ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையம் வெளியிடுகிறது.

தரைச் சான்றின் இன்றியமையாமை

1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பர் மாதத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகக் காட்சியளித்தது. கண்டவர் வியந்தனரேயன்றி, அதன் காரணத்தை உடனடியாக அறிய வழியில்லை. இன்று துணைக்கோள் சில மணி நேரத்தில் காரணத்தைக் காட்டிவிடும். எனினும் துணைக்கோள் ஒன்றே போதும் என்பதில்லை.

2001 ஜூலை முதல் கேரளத்தின் கோட்டயம் முதலிய பகுதிகளில் செந்நிற மழை பெய்தது. அரேபியப் புழுதி என்றும், விண்கல்லின் தூசு என்றும் பலவாறு கருதினர். மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தபோது, அந்நிறத்திற்குக் காரணம் புழுதியன்று, டிரென்டிபோலியா வகைப் பாசியின் நுண்வித்துகளே என்று தெரியவந்தது. கையிலெடுத்து ஆராய்ந்த ஒரு துளி நீர் இவ்வினாவைத் தீர்த்தது. இக்காரணம் பற்றியே மினிக்காய்த் தீவு, திருவனந்தபுரம், போர்ட் பிளேர் முதலிய இடங்களில் காற்றிலுள்ள துகள்களைத் தரையிலிருந்தே அளக்கும் நிலையங்களை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துள்ளது.

விண்ணிலிருந்து பெறும் படம், வாயுவின் அளவை, மேற்காற்றின் வேகம், தரையிற் சேகரித்த துகள் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான் எச்சரிக்கை உறுதி பெறுகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அஞ்ச வேண்டாதபோது அஞ்சவும், அஞ்ச வேண்டியபோது அஞ்சாதிருக்கவும் நேரிடும். பயணம் ரத்தாயிற்று என்ற அறிவிப்பைக் கொச்சி விமான நிலையத்தில் கேட்டு மனம் வருந்துவோர், அதன் பின்னே இத்துணை அளவைகளும் கணிப்பும் நிற்கின்றன என்பதை அறிவாராயின், அத்தாமதத்தின் பொருளையும் உணர்வர்.